அடுக்களையிலிருந்து பொதுநிறுவனத்துக்கு: ரொறன்ரோவில் யூதர்களின் கோஷர் உணவுநெறியும் யாழ்ப்பாணத் தமிழரின் சைவ உணவு மரபும்

1. முன்னுரை

1968ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டின் ஆய்வுத் தொகுதியில், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹயிம் ராபின் எழுதிய கட்டுரை ஒன்று இடம்பெற்றுள்ளது. விவிலிய எபிரேயத்தில் உள்ள கடன்சொற்களைச் சான்றாகக் கொண்டு, தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே கிறித்துவுக்கு முற்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் நிலவிய வணிகத்தை அது ஆராய்ந்தது. மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு இணைக்கும் கருத்து அதற்கும் முற்பட்டது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே அது பேசப்பட்டுள்ளது. தமிழ்-எபிரேய உறவு பற்றிய ஆய்வு, அன்றுதொட்டுப் பெரும்பாலும் சொற்களையும் சரக்குகளையும் பற்றியதாகவே இருந்து வந்துள்ளது.

இவ்விரு மக்களையும் ஒப்பிடுவதற்கு வேறொரு களமும் உண்டு. அது உணவுநெறி. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது, எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம், யார் சமைத்ததை உண்ணலாம் என்னும் வினாக்களுக்கு நுணுக்கமான விடைகளை வகுத்துக்கொண்ட மரபுகள் இரண்டிடத்தும் உள்ளன. இருவரும் பின்னர்ப் புலம்பெயர்ந்தோராகி ஒரே நகரில் வாழ நேர்ந்தது. ரொறன்ரோவில் யூதர்களின் கோஷர் உணவுநெறி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் வீட்டு அடுக்களையிலிருந்து புறப்பட்டுச் சந்தையாகவும், மருத்துவமனையாகவும், முதியோர் இல்லமாகவும், சான்றளிக்கும் அமைப்பாகவும், நாட்டின் சட்ட விதியாகவும் உருவெடுத்தது. 1983க்குப் பின் பெருந்தொகையாக இந்நகரில் குடியேறிய ஈழத்தமிழரின் சைவ உணவு மரபோ இன்றளவும் வீட்டுக்கும் கோயிலுக்கும் அப்பால் செல்லவில்லை. இவ்வேறுபாடு ஏன் ஏற்பட்டது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது எது, கற்கக் கூடாதது எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வொப்பீட்டுக்குத் தமிழில் ஒரு முன்னோடி உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879), பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. யூதச் சட்ட நூல்களை இவ்வாறு நெருங்கிக் கற்ற நாவலர், 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவக் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே விடையளித்தார். பழைய ஏற்பாடு விதிக்கும் யூத ஆலய வழிபாட்டுச் சடங்குகளும் சைவ ஆலயச் சடங்குகளும் பல வகையில் ஒத்தவை என்பது அவரது வாதம். அமெரிக்க அறிஞர் டெனிஸ் ஹட்சன் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். நாவலர் ஆலயத்தில் கண்ட ஒப்புமையை இக்கட்டுரை அடுக்களையில் தேடுகின்றது.

2. கோஷர் நெறியின் அமைப்பு

'கோஷர்' என்னும் சொல்லுக்குத் தகுந்தது, ஏற்புடையது என்பதே பொருள். இந்நெறி முழுவதையும் குறிக்கும் சொல் 'கஷ்ருத்' என்பதாகும். இதன் மூலவிதிகள் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 14ஆம் அதிகாரத்திலும் உள்ளன. நிலவாழ் விலங்குகளில், விரிகுளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடையவை மட்டும் ஏற்புடையன. மாடும் ஆடும் ஏற்கப்படுகின்றன. குளம்பு விரிந்திருந்தும் அசைபோடாத பன்றியும், அசைபோட்டும் விரிகுளம்பில்லாத ஒட்டகமும் விலக்கப்படுகின்றன. நீர்வாழ்வனவற்றில் துடுப்பும் செதிலும் உள்ள மீன்கள் மட்டும் ஏற்புடையன. ஆகவே நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றுக்கு இடமில்லை. குருதி முற்றாக விலக்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஒருவர் கூரிய கத்தியால் விதிப்படி அறுத்த விலங்கின் இறைச்சியையும் அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு, மும்முறை கழுவிய பின்னரே சமைப்பது வழக்கம்.

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்க வேண்டாம் என்னும் கட்டளை தோராவில் மூன்று இடங்களில் வருகின்றது. இச்சிறு கட்டளையிலிருந்து ரபிமார் பெரியதொரு சட்டக் கட்டடத்தை எழுப்பினர். இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைத்தலும், உண்ணுதலும், அக்கலவையால் பயன்பெறுதலும் தடுக்கப்பட்டன. இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், பாலுணவுக்கு மற்றொரு தொகுதி என வீட்டில் இரண்டு வைத்திருக்க வேண்டும். இறைச்சி உண்டபின் பாலுணவு உண்பதற்குக் காத்திருக்கும் காலம் பல சமூகங்களில் ஆறு மணி நேரம். செருமானிய யூதரிடம் மூன்று மணி நேரம். ஒல்லாந்த யூதரிடம் ஒரு மணி நேரம். இரண்டிலும் சேராத காய்கறி, தானியம், முட்டை, மீன் முதலியவை 'பார்வே' எனப்படும். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டத் தொகுப்பு இவற்றை வரிசைப்படுத்தியது. விலக்கப்பட்ட பொருள் தவறுதலாக உணவில் விழுந்துவிட்டால், அதைப்போல் அறுபது மடங்கு உணவு இருப்பின் அது கரைந்தொழிந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் என்பது போன்ற அளவைகளும் அதில் உண்டு.

யாழ்ப்பாணத்து அடுக்களையை அறிந்தவர்களுக்கு இவற்றுள் பல புதியவை அல்ல. மீனும் இறைச்சியும் உண்ணும் குடும்பங்களிலும் 'மச்சச் சட்டி' வேறு, 'சைவச் சட்டி' வேறு. வெள்ளிக்கிழமையிலும் கந்தசட்டி விரத நாள்களிலும் நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையிலும் மச்சச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. விரதம் தொடங்குமுன் அடுக்களை கழுவப்படும். பாத்திரம் எதனாலானது என்பது பற்றிய எண்ணத்திலும் ஒற்றுமை உண்டு. மட்பாண்டம் உணவை உறிஞ்சிக்கொள்வதால் தீட்டுப்பட்ட மட்கலத்தை உடைத்துவிட வேண்டும் என்கின்றது லேவியராகமம். உலோகப் பாத்திரத்தைக் கொதிநீராலோ தீயாலோ மீட்கலாம் என்பது யூத வழக்கம். பித்தளையைப் புளியிட்டுத் துலக்கி மீள வழங்குவதும் பழைய மட்சட்டியைக் கழித்துப் புதியது எடுப்பதும் நம் வழக்கம்.

எனினும் அடிப்படையில் இரு நெறிகளும் வேறானவை. திருக்குறளின் 'புலால் மறுத்தல்' அதிகாரம் கொல்லாமையையும் அருளையும் காரணமாகக் காட்டுகின்றது. கோஷர் நெறி புலாலை மறுப்பதில்லை. அதனை வரையறுத்து ஒழுங்குபடுத்துகின்றது. இவ்விதிகளுக்கு உடல்நலத்தைக் காரணமாகக் காட்டினார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட தம் நூலில், வகைப்பாட்டுக்குள் அடங்காத உயிர்களே விலக்கப்பட்டன என்றார். நெறியைக் கைக்கொள்வோருக்கோ காரணம் இரண்டாம் நிலையில்தான் உள்ளது. கட்டளை என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாகும்.

3. மலபாரில் கோஷர்: விதியும் சாதியும்

ரொறன்ரோவுக்கு வருமுன், கோஷர் நெறி நம் அயலில் வாழ்ந்த விதத்தை நோக்குதல் வேண்டும். கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளின் கையொப்பங்கள் சில எபிரேய எழுத்தில் உள்ளன. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடு அக்கால மலைநாட்டுத் தமிழில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணமும், பகல்விளக்கு, பல்லக்கு, குடை உள்ளிட்ட எழுபத்திரண்டு உரிமைகளும் அதனால் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த போர்த்துக்கேய யூத வணிகர் பவளமும் வைரமும் விற்றனர். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினருள் யூதரும் இருந்தனர். ஆயினும் அவர்களின் தொகை சிறிது, அக்குடியேற்றம் நிலைக்கவில்லை. கோஷர் நெறி தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது கொச்சியில்தான்.

அங்கு அது வேரூன்றுவதற்கு இரண்டு காரணங்கள் துணைநின்றன. முதலாவது, தேங்காய்ப்பால். இறைச்சிக் குழம்பில் விலங்குப் பாலோ நெய்யோ சேர்த்தல் ஆகாது. தேங்காய்ப்பால் தாவரப் பொருளாதலால் அதற்குத் தடையில்லை. ஐரோப்பாவில் வாதுமைப்பாலை இறைச்சியோடு பரிமாறுவோர், பார்ப்பவர்கள் ஐயுறாதவாறு அருகில் வாதுமைப் பருப்புகளையும் வைக்க வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டுப் போலந்து ரபி மோசே இஸ்ஸெர்லஸ் எழுதினார். தென்னை சூழ்ந்த நாட்டில் அத்தகைய ஐயத்துக்கே இடமில்லை. இரண்டாவது காரணம் சமூக அமைப்பு. யூதர் பிறரோடு அமர்ந்து உண்ணாமை ஐரோப்பாவில் பகைமையாகவும் செருக்காகவும் பழிக்கப்பட்டது. மலபாரிலோ ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி உணவுக் கட்டுப்பாடு இருந்தது. அத்தகைய சமூகத்தில் மேலுமொரு கூட்டத்தார் தனியே உண்பது எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

ஆயினும் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. சூழலின் சாதிமுறை யூதருக்குள்ளும் புகுந்தது. 1568இல் கொச்சியில் தொழுகைக் கூடம் கட்டிய பரதேசி யூதர், தம்மினும் மிகப் பழைமையான மலபார் யூதரோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் இச்சிக்கல் கெய்ரோவில் இருந்த ரபி டேவிட் இபன் அபி சிம்ராவிடம் தீர்ப்புக்குச் சென்றது. சடங்குமுறைப்படி நீராடியபின் மணவுறவு கொள்ளலாம் என அவர் விடையெழுதினார். அத்தீர்ப்பு கொச்சியில் நடைமுறைக்கு வரவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டோர் பரதேசித் தொழுகைக் கூடத்தின் முன்கூடத்தில் அமர்த்தப்பட்டனர். அவ்வழியில் வந்த ஏ. பி. சேலம் (1882-1967) என்னும் வழக்கறிஞர், இருபதாம் நூற்றாண்டில் காந்திய அறப்போர் முறையைக் கொண்டு அக்கூடத்தினுள்ளேயே சமவுரிமைக்காகப் போராடினார்.

கொச்சி வரலாறு உணர்த்துவது இதுதான்: புறத்தாரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டும் கோடு, காலப்போக்கில் தம்மவரையே கூறுபடுத்தும் கோடாக மாறக்கூடும். நூல் வகுத்த சட்டம் ஒன்றாக இருக்கவும் ஊர் வழக்கம் வேறொன்றாக இருந்தது. நம் மரபை ஆராயும்போது இதனை நினைவில் இருத்தல் வேண்டும்.

4. ரொறன்ரோ: நெறி நிறுவனமான வரலாறு

ரொறன்ரோவின் முதல் யூதச் சபைகளுள் ஒன்றான ஹோலி பிளொசம் 1856இல் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏழை யூதர் பெருமளவில் வந்தனர். அவர்கள் முதலில் 'த வார்ட்' எனப்பட்ட நெருக்கடியான குடியிருப்பிலும், பின்னர் மேற்கே கென்சிங்ரன் பகுதியிலும் குடியமர்ந்தனர். கென்சிங்ரனில் வீட்டு முன்றில்களே கடைகளாயின. பெண்கள் கூட்டிலிருந்த கோழியைத் தெரிந்தெடுத்து, விதிப்படி அறுப்பவரிடம் கொண்டுசென்றனர். 1920களின் இறுதியில் எழுந்த கீவர், அன்ஷே மின்ஸ்க் ஆகிய தொழுகைக் கூடங்கள் இன்றும் அங்குள்ளன. யூதச் சந்தை எனப் பெயர்பெற்ற அவ்விடத்தைக் கனடா அரசு 2006இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

அச்சந்தையில் அமைதி மட்டும் நிலவவில்லை. கோஷர் இறைச்சியை மேற்பார்க்கும் உரிமை யாருடையது என்பது பற்றி ரபிமாரிடையே பிணக்கு ஏற்பட்டது. விலையேற்றம் வேறொரு போராட்டத்தை உருவாக்கியது. நியூயோர்க்கில் 1902ஆம் ஆண்டு மே மாதத்தில் யூதப் பெண்கள் கோஷர் இறைச்சிக் கடைகளைப் புறக்கணித்து வீதியில் இறங்கினர். ரொறன்ரோவிலும் 1924இலும் 1933இலும் இத்தகைய புறக்கணிப்புகள் நடந்தன என்பதை வரலாற்றாசிரியர் ரூத் ஃபிரேகர் எழுதியுள்ளார். இப்பெண்கள் நெறியைக் கைவிடவில்லை. நெறியைக் கைக்கொள்வதற்கு உரிய விலை ஏழைக்கும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே போராடினர். மதச்சட்டத்தை விளக்கும் உரிமை ஆண்களிடம் இருந்த காலத்தில், அச்சட்டம் நடைமுறையில் வாழ்வதற்கான நிபந்தனைகளைப் பெண்களே வகுத்தனர்.

மருத்துவமனையின் வரலாறும் இவ்வாறே. 1913இல் எஸ்ராஸ் நோஷிம் என்னும் சங்கத்தைச் சேர்ந்த குடியேறிய பெண்கள் நால்வர் வீடுவீடாகச் சென்று பணம் சேர்க்கத் தொடங்கினர். நகர மருத்துவமனைகளில் இத்திஷ் மொழி விளங்குவார் இல்லை. கோஷர் உணவு இல்லை. யூத மருத்துவர்களுக்கு இடமும் எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் சேர்த்த பணத்தால் யோர்க்வில் அவெனியூவில் 1923இல் ஒரு சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று உலகப் புகழ்பெற்ற மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. 1918இல் செசில் வீதியில் யூத முதியோர் இல்லம் உருவானதும் பெண்களின் முயற்சியாலேயே. வேற்றிடங்களில் இறுதிக்காலத்தைக் கழித்த முதியோர் கோஷர் உணவின்றி வருந்தியமை அதன் காரணங்களுள் ஒன்று. அவ்வில்லமே பின்னர் பேகிரெஸ்ற் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. ஒரு கிண்ணம் சூப்பு எப்படிச் சமைக்கப்பட்டது என்ற கேள்வியிலிருந்து இத்தகைய நிறுவனங்கள் எழுந்தன என்பது மிகையன்று.

தொழிற்சாலை உணவு பெருகியபோது நெறி மற்றொரு சோதனையை எதிர்கொண்டது. தகரத்தில் அடைத்த உணவில் கலந்திருப்பது எது என வீட்டுத்தலைவியால் அறிய இயலாது. அமெரிக்காவில் 1920களில் ஓர்தொடொக்ஸ் யூதச் சங்கங்களின் ஒன்றியம் தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சான்றளிக்கத் தொடங்கியது. 1935இல் அட்லாண்டா நகர ரபி தோபியாஸ் கெஃபன், கொக்கா கோலா பானத்தின் கூறுகளை ஆராய்ந்து, அதில் சிறிதளவு சேர்ந்திருந்த விலங்குக் கொழுப்பிலிருந்து பெற்ற கிளிசரினுக்கு மாற்றாகத் தாவர எண்ணெயிலிருந்து பெற்றதைச் சேர்க்கச் செய்தார். ஒரு சமயச் சட்டம் இரசாயன அறிவைத் துணைக்கொண்டு ஒரு பெருநிறுவனத்தின் செய்முறையையே மாற்றிய நிகழ்ச்சி இது. ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட கனடா கஷ்ருத் சபையின் சி.ஓ.ஆர். முத்திரையும் மொன்றியல் சபையின் எம்.கே. முத்திரையும் இன்று இந்நாட்டுக் கடைகளில் எண்ணற்ற பொருள்களில் காணப்படுகின்றன. 'மஷ்கியாஹ்' எனப்படும் மேற்பார்வையாளர் தொழிற்சாலைக்குச் சென்று, மூலப்பொருள் வந்த இடம் முதல் கொப்பரை கழுவிய முறை வரை பார்வையிடுகின்றார்.

இறுதியாக நாட்டின் சட்டமும் இதனை ஏற்றது. கனடாவின் உணவு, மருந்து ஒழுங்குவிதிகளின்படி, கஷ்ருத் விதிகளுக்கு இணங்காத உணவுப்பொருளில் 'கோஷர்' என்னும் சொல்லையோ அவ்வாறு எண்ணச்செய்யும் எபிரேய எழுத்தையோ குறியையோ இடுதல் குற்றமாகும். ஹலால் எனக் குறிக்கப்படும் உணவில் சான்றளித்த அமைப்பின் பெயரும் இருக்க வேண்டும் என்னும் விதி 2016 ஏப்ரல் 4 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கோஷர் எது என்பதை அரசே வரையறுத்த நியூயோர்க் மாநிலச் சட்டங்கள் சமயத்தில் அரசு தலையிடுவதாகும் என 2002இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நெறியை வரையறுப்பது சமூகத்தின் கடமை. பொய்க்குறியைத் தடுப்பது அரசின் கடமை என்பதே இவ்வனுபவங்களின் சாரம்.

5. நம் அடுக்களையின் நிலை

என் தாயார் யாழ்ப்பாணத்தில் பிறந்து எண்பது வயதில் இந்நகருக்கு வந்தவர். வாழ்நாள் முழுவதும் சைவ உணவு உண்டவர். தம் இறுதி ஆண்டுகளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். அங்கு அவருக்கு 'வெஜிற்றேரியன்' என வழங்கப்பட்ட சூப்பு கோழிச் சாற்றில் ஆக்கப்பட்டது என்பதும், அவர் விரும்பி உண்ட நிறமான இனிப்பு விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறும் ஜெலற்றினால் ஆனது என்பதும் பல மாதங்கள் சென்றபின் தெரியவந்தன. இல்லத்தார் மனமறிந்து பிழை செய்யவில்லை. இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது சைவம் என்பதே அவர்களின் விளக்கம். தாயார் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. பாணும் பழமும் மட்டும் போதும் என்றார். பொதிகளில் உள்ள சிறு முத்திரைகளை வாசிக்க எனக்குக் கற்பித்தவர், அதே இல்லத்தில் தம் தந்தையைப் பார்க்க வந்த ஒரு யூதப் பெண்மணி.

பாலுணவு, பார்வே ஆகிய குறிகள் இறைச்சியில்லை என்பதை உறுதிசெய்வதால் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஆனால் அவை சைவ முத்திரைகள் அல்ல. பார்வே என்னும் வகையில் முட்டையும் மீனும் அடங்கும். கோஷர் சான்றுபெற்ற இனிப்பில் மீனிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கலாம். கோஷர்ப் பாற்கட்டியை உறையவைக்க, விதிப்படி அறுத்த கன்றின் இரைப்பை நொதி பயன்பட்டிருக்கலாம். பிறருடைய நெறிக்காக உருவான குறியை நாம் கடன்வாங்கி வாழ்கின்றோம், நமக்கென ஒன்றில்லை. இந்தியாவில் 2001 முதல் பொதியிடப்பட்ட சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயமாக்கப்பட்டது. அங்கு முட்டை அசைவத்தில் சேரும். கனடாவின் உணவு விதிகளில் சைவ உணவுக்கு அத்தகைய வரையறை இல்லை.

இவ்வெறுமைக்குக் காரணம் நம் மரபின் அமைப்பிலும் இருக்கின்றது. நாவலரின் 'சைவ வினாவிடை' போன்ற நூல்கள் போசன விதிகளைக் கூறினாலும், நடைமுறையில் அவற்றின் காவலர் ஒவ்வொரு வீட்டுத் தாயும் பாட்டியுமே. ஐயம் எழுந்தால் கேட்டறிய ஓர் அவையோ எழுதிவைத்த தீர்ப்புத் தொகுப்போ நம்மிடம் இருந்ததில்லை. ஊரில் அது தேவைப்படவும் இல்லை. கடைக்காரரும் சமையற்காரரும் அயலாரும் எது சைவம் என அறிந்திருந்தனர். அந்த ஊரறிவு கடல் கடக்கவில்லை.

வேறொரு காரணத்தையும் மறைக்காமல் கூறுதல் ஆய்வாளனின் கடமை. நம் உணவு மரபில், எதை உண்பது என்னும் நெறியும் யாரோடு உண்பது, யார் கையால் உண்பது என்னும் நெறியும் பின்னிக் கிடந்தன. முன்னையது கொல்லாமையைச் சார்ந்தது. பின்னையது சாதியைச் சார்ந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் இரு பிராமண மாணவர் தனியே உண்ணவைக்கப்பட்டமை 1924-25இல் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பேணியும் போத்தலும் வைக்கப்பட்டிருந்தன. அவ்வழக்கத்தைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1960களின் இறுதியில் தேநீர்க்கடைப் பிரவேசமும் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாகவே நிகழ்ந்தன. கோஷர் நெறி வரைந்த கோடு பெரும்பாலும் யூதருக்கும் பிறருக்கும் இடையிலானது. எந்த யூதரும் எந்த யூதரின் கோஷர் மேசையிலும் அமரலாம் என்பதே சட்டத்தின் நிலை. நாம் வரைந்த கோடு தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் ஓடியது. ஆதலால் 'நம் உணவுநெறியைக் காப்போம்' எனப் பொதுவில் குரல்கொடுக்க நம்மில் பலருக்கு நாவெழவில்லை. எதைக் காப்பது என்னும் வினாவுக்கு முதலில் விடை வேண்டியிருந்தது.

ரொறன்ரோ வாழ்க்கை அவ்வினாவில் ஒரு பாதியைத் தீர்த்துவிட்டது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மிளகாய்த்தூளை அரைத்தவர் யார், இடியப்பம் பிழிந்தவர் யார் எனக் கேட்போர் அரிது. கேட்டாலும் விடை கிடைக்காது. யார் கையால் என்னும் கேள்வி தொழிற்சாலையின் முன் வலுவிழந்தது. அது வரவேற்கத்தக்க இழப்பு. ஆனால் அதே தொழிற்சாலையின் முன், எதை உண்கின்றோம் என்னும் கேள்வியும் வலுவிழந்து நிற்கின்றது. அது வரவேற்கத்தக்கதன்று. இவ்விரு கேள்விகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் வாய்ப்பு நம் வரலாற்றில் முதன்முறையாக இந்நாட்டில் நமக்குக் கிட்டியுள்ளது.

6. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, புலம்பெயர்ந்த சூழலில் உணவுநெறி பக்தியால் மட்டும் நிலைப்பதில்லை. அது பொதுநிறுவனமாக மாறும்போதே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. ரொறன்ரோவில் அம்மாற்றத்தின் தொடக்கத்தில் ரபிமாரைப் போலவே, வீடுவீடாகப் பணம் சேர்த்த ஏழைப் பெண்களும் நின்றனர்.

இரண்டாவது, ஒரு நெறியின் எல்லைக்கோடு எங்கே வரையப்படுகின்றது என்பது அதன் அறத்தைத் தீர்மானிக்கின்றது. கொச்சியில் யூதரே தம் சட்டத்தைச் சாதிக்குப் பறிகொடுத்தனர். நாமோ கொல்லாமையையும் தீண்டாமையையும் ஒரே சட்டியில் சமைத்தோம். நிறுவனம் அமைக்குமுன் இவற்றைப் பிரித்தல் இன்றியமையாதது. பிரிக்காமல் அமைத்தால் பழைய தீமைக்குப் புதிய முத்திரை கிடைத்துவிடும்.

மூன்றாவது, செய்யத்தக்க பணிகள் எளியவை. கோயில்களும் முதியோர் அமைப்புகளும் உணவு அறிவியலாளரும் ஒன்றுகூடி, சைவ உணவு என்பதற்கு ஒரு பக்க அளவில் தெளிவான வரையறையை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தமிழிலும் உருவாக்கலாம். சாறு, ஜெலற்றின், முட்டை, பாற்கட்டி நொதி, மீன் எண்ணெய் ஆகியவற்றை அது பெயர்சுட்டிக் கூற வேண்டும். சமைப்பவரின் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இருத்தல் ஆகாது. அவ்வரையறையை மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் வழங்கலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கையும் உணவுப் பண்பாட்டை ஆராயும் கலினேரியா ஆய்வு மையமும் இன்று உள்ளன. மச்சச் சட்டி, சைவச் சட்டி முறைகளையும் விரதகால அடுக்களை வழக்கங்களையும் முதியவர்களிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்வதற்கு இதைவிடத் தகுந்த இடம் இல்லை. அப்பதிவில், தனிப் பேணியில் தேநீர் அருந்தியவர்களின் நினைவுகளும் இடம்பெற வேண்டும். அவையும் நம் அடுக்களையின் வரலாறே.

இவற்றுக்குக் காலம் நீண்டதாக இல்லை. எண்பதுகளில் இளைஞராக வந்திறங்கிய தலைமுறை இப்போது பராமரிப்பு இல்லங்களின் வாயிலை நெருங்கிக்கொண்டிருக்கின்றது. 1913இல் கதவு கதவாகத் தட்டிய அந்நான்கு பெண்களுக்குத் தெரிந்திருந்த உண்மை ஒன்றுண்டு. நோயுற்றோரும் முதியோரும் தமக்கு வைக்கப்படும் உணவைப் பற்றிக் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை. அவர்களுக்காக முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள் நாம்.